கடைவதற்கு மாட்டெலும்பு: கொழுப்பு முழுதாகப் போக என்ன செய்கிறீர்கள்?

சின்ன லேத்தில் பொத்தான், குமிழ் கடைவதற்கு மாட்டு நல்லி எலும்பு வாங்குகிறேன். கறிக்கடை பாய் மூட்டுகளை அறுத்தே தருகிறார். மஜ்ஜையைக் குத்தி எடுத்து, சிறுதீயில் வேகவைத்து, ஒட்டியதைச் சுரண்டிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறேன். தளதளவென்று கொதிக்க விடுவதில்லை. எலும்பு பலம் இழந்துவிடும். ஆனாலும் காய்ந்தபின் மூட்டுப் பக்கம் மஞ்சளாக எண்ணெய் கசிகிறது. 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கிறதே தவிர, கொழுப்பு போகவில்லை. பிளீச்சிங் பவுடர் எலும்பையே அரிக்கும், அது வேண்டாம். அசிட்டோனில் ஊறவைத்தவர்கள் உண்டா? எத்தனை நாள் வைத்தீர்கள்?

அப்புறம், உ.பி. சம்பலில் கொம்பு, எலும்பு வேலை நடக்கிறதே, அங்கிருந்து பதப்படுத்திய எருமை எலும்பைச் சில்லறையாகத் தருவிக்க முடியுமா? தூசிக்கு மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். நாற்றத்துக்குத்தான் வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறேன்.