ரெஸ்யூம் ஏத்துனா பேரே வரமாட்டேங்குது, அவசரம்

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:
வணக்கம். கேரளாவுல பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில பி.காம் கடைசி வருசப் பசங்களுக்கு ரெஸ்யூம் எழுதச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணோட சைட்ல ஏத்துனா பேரு, போன் நம்பர் கட்டம் காலியா நிக்குது. படிப்பு வர வேண்டிய இடத்துல ஊர் பேரு வருது. எஸ்.எஸ்.எல்.சி. பர்சன்டேஜ் வேற கேட்குது. நாளைக்குச் சாயங்காலம் கடைசி. சீக்கிரம் சொல்லுங்க.

வாளையார்_மணி:
வேர்டா, பி.டி.எஃபா டீச்சர்? எல்லாருக்கும் இப்படியா, ஒரு பையனுக்கு மட்டுமா?

பொள்ளாச்சி_பிரவுசிங்:
போட்டோதாங்க காரணம். எங்க கடையில போட்டோ வெச்ச ஃபைல்தான் எப்பவும் மக்கர் பண்ணும். எடுத்துட்டு ஏத்துங்க.

மூத்த_உறுப்பினர்:
மாசாமாசம் இதே கேள்வி. பழைய இழையைத் தேடிப் படிச்சுட்டு வரலாமே. எந்த டெம்ப்ளேட்னுகூடச் சொல்லாம கேட்டா என்ன பதில் சொல்றது? சொல்லிக் குடுக்குறவங்க முதல்ல கத்துக்கணும்.

எச்.ஆர்_அக்கா:
அவங்க அவசரத்துல கேட்குறாங்க சார், விடுங்க. டீச்சர், பேரும் நம்பரும் வேர்டுல ஹெட்டருக்குள்ள, அதாவது பக்கத்தோட மேல் ஓரத்துல தனியா இருக்குற பகுதிக்குள்ள, இருக்கா பாருங்க. ரெஸ்யூமைப் பிரிச்சுப் படிக்கிற சாஃப்ட்வேர்ல சிலது ஹெட்டரை எடுத்துக்கவே எடுத்துக்காது. பக்கத்தை இடது, வலதுன்னு ரெண்டு பத்தியா பிரிச்ச டெம்ப்ளேட்னா இடது வரியும் வலது வரியும் கலந்துடும், ஊர் பேரு இடம் மாறுறது அதனாலயா இருக்கலாம். பி.டி.எஃபைத் திறந்து முழுசையும் காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க. அங்க குழம்பி வந்தா மெஷினுக்கும் குழப்பம்தான். எழுத்தே காப்பி ஆகலையா, அது வெறும் படம்.

சித்தூர்_பிரவாசி:
போட்டோவை எடுக்கச் சொல்லாதீங்க. கல்ஃப்ல போட்டோ, பாஸ்போர்ட் விவரம், விசா எல்லாம் போட்டுத்தான் அனுப்புறோம்.

எச்.ஆர்_அக்கா:
கல்ஃபுக்கு அது சரிங்கண்ணா. இது கோயம்புத்தூர் கணக்கு வேலை. போட்டோ, அப்பா பேரு, மதம், கடைசியில 'மேற்கண்டவை உண்மை'ன்னு உறுதிமொழி, இதுக்கே அரைப் பக்கம் போயிடுது. லீவுல தேங்காய் மண்டியில டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல பில் போட்ட பொண்ணு அதை எழுதாம 'கடின உழைப்பாளி'ன்னு எழுதுறா. எனக்கு மனசே ஆறாது. உங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு மலையாளத்தையும் விட்டுடுறாங்க. பாலக்காட்டு வியாபாரிங்களோட பேசுற வேலைக்குத் தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் நாங்க தேடுறோம்.

சித்தூர்_பிரவாசி:
அப்பா பேரு இல்லாம ஒரு ரெஸ்யூமா?

மூத்த_உறுப்பினர்:
அரசு விண்ணப்பத்துல கேட்பாங்க, அங்க எழுதுங்க. ரெஸ்யூம் வேற, விண்ணப்பம் வேற.

சித்தூர்_பிரவாசி:
எங்க ஊர்ல அப்பா பேரைச் சொன்னாத்தான் யாரு பையன்னு தெரியும்.

வாளையார்_மணி:
அதை விடுங்க, பர்சன்டேஜுக்கு யாரும் பதில் சொல்லலையே. கேரளா எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல கிரேடு மட்டும்தான் இருக்கும். ஏ பிளஸ்னா 90லிருந்து 100 வரை, ஏ-ன்னா 80லிருந்து 89 வரை. நடுவுல ஒரு எண்ணை எடுத்துப் போட்டுடாதீங்க டீச்சர், சர்ட்டிஃபிகேட் பார்க்கும்போது மாட்டிக்குவாங்க. ரெஸ்யூம்ல கிரேடாவே எழுதுங்க. கட்டத்துக்குக் கம்பெனிக்கே போன் பண்ணிக் கேளுங்க.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:
ஹெட்டர்லதான் இருந்துச்சு. ஒரே பத்தியா மாத்தி ஏத்துனோம், பேரு நம்பர் வந்துடுச்சு. அக்காவுக்கு ரொம்ப நன்றி. மீதிப் பசங்களுது மாத்தணும், வர்றேன்.

வாளையார்_மணி:
பர்சன்டேஜ் கட்டத்துக்கு என்ன சொன்னாங்க டீச்சர்? என் தங்கச்சியும் அதே கம்பெனிக்குப் போடுறா.