குதிரை டாக்டரும் நிற்க மறுக்கும் குதிரையும்: எங்கள் தெருக் குழுவில் ஒரு நாள்

கடற்கரைத் தெரு தம்பி (காலை 6.40)
அஸ்ஸலாமு அலைக்கும். குழுவில் உள்ள பெரியவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். நான்கு வயதுப் பெண் குதிரை ஒன்றைப் போன மாதம் வாங்கி வந்து, பெரியபட்டினம் கடற்கரையோரத் தோப்பில் கட்டியிருக்கிறேன். வந்த புதிதில் சாதுவாகத்தான் இருந்தது. பத்து நாளாகப் பிடித்து நடத்தினால் தோளால் இடித்துத் தள்ளுகிறது. வயிற்றில் கை பட்டால் காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. முன்னங்காலைத் தூக்கவே விடுவதில்லை. மாடு பார்க்க வந்த டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். அது ஓரிடத்தில் நிற்காததால் தொட்டுப் பார்க்காமலே திரும்பிவிட்டார். நம் பக்கத்தில் குதிரை பார்க்கும் டாக்டர் கிடைப்பாரா? இதைப் பழக்கிக் கொடுப்பவர் யாராவது இருக்கிறார்களா?

லாயத்து மாமா (6.58)
வ அலைக்குமுஸ்ஸலாம், மருமகனே. பழக்குபவரை அப்புறம் தேடலாம், முதலில் டாக்டரைத் தேடு. சாதுவாக இருந்த குதிரை பத்து நாளில் முரடாக மாறினால் அதற்கு எங்கோ வலிக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். பல், முதுகு, குளம்பு, வயிறு என்று எதுவாகவும் இருக்கலாம். வலியோடு இருக்கும் பிராணியை அடித்துத் திருத்தப் பார்ப்பது பெரும் பாவம். தீவனத்தை எதில் வைக்கிறாய்?

கடற்கரைத் தெரு தம்பி (7.03)
வைக்கோலையும் புல்லையும் தரையில்தான் போடுகிறேன், மாமா. கொள்ளு மட்டும் வாளியில் வைக்கிறேன்.

லாயத்து மாமா (7.15)
நம் கரை முழுவதும் மணல். தரையில் கிடக்கும் புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போய்க் குடலில் தங்கிவிடும். அது போடும் லத்தியில் (சாணத்தில்), மண் படாத மேல் உருண்டைகளாக ஐந்தாறு எடுத்து, கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு குலுக்கிக் கால் மணி நேரம் அசையாமல் வை. அடியில் மணல் படிந்தால் படம் எடுத்து டாக்டரிடம் காட்டு. படியாவிட்டாலும் மணல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதே. லத்தி போடாமல், வியர்த்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையில் புரண்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மாட்டுக்குப் புகட்டுவதைப் போல மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றிவிடாதே. அது நுரையீரலுக்குள் போய்விடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

வடக்குத் தெரு லாத்தா (7.40)
தம்பி, என் மகன் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். கால்நடை மருத்துவம் படித்த எல்லோரும் குதிரையைப் பற்றியும் படித்தவர்கள்தான். நம் மாவட்டத்தில் ஆடு மாடுகளே அதிகம் என்பதால் பலருக்குக் கைப்பழக்கம் குறைவு. அதனால் கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற இலவச எண்ணில் அழைக்கும்போதே குதிரை என்று சொல்லிவிட வேண்டுமாம். ஊர்வலத்துக்குக் குதிரை கொண்டு வருபவர்களிடம், அவர்கள் எந்த டாக்டரை அழைக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். ரண ஜன்னி (டெட்டனஸ்) குதிரையை மிக எளிதில் தாக்கும் என்பதால், தடுப்பூசி போட்டார்களா என்று விற்றவரிடம் இன்றே கேட்டுவிடுங்கள். ஓய்வாக இருக்கும்போது வெப்பம் 99 முதல் 101 ஃபாரன்ஹீட் வரையிலும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையிலும் இருக்க வேண்டும். இவற்றைக் குறித்து வைத்திருந்தால் தொலைபேசியிலேயே டாக்டருக்குப் பாதி விவரம் புரிந்துவிடும்.

லாயத்து மாமா (8.05)
லாத்தா சொன்னது அத்தனையும் சரி. குளம்பையும் மறக்காதே, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் பார்த்துச் செதுக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாக இறங்கிய அரபுக் குதிரைகள் சரியான பராமரிப்பில்லாமல் மடிந்ததையும், மேலும் மேலும் விற்க வேண்டும் என்பதற்காக வணிகர்கள் லாடக்காரர்களை இங்கே வரவிடாததையும் எழுதியிருக்கிறார். இன்றைக்கும் நமக்கு ஆள் கிடைப்பது அரிதாக இருப்பது எனக்கு வருத்தம்தான்.

பழக்கும் முறையைக் கேட்டாய். டாக்டர் பார்க்கும்வரை நிற்க மட்டும் பழக்கு. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. ஆகவே பேசிக்கொண்டே இடது தோள் பக்கமாகப் போ. கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதே. உன்மேல் சாய்ந்தால் விரல் நுனியால் தோளை அழுத்து. அது அரை அடி விலகிய நொடியில் கையை எடுத்துவிடு. கை விலகுவதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு; தாமதமாக எடுத்தால் எதற்காக எடுத்தாய் என்று அதற்குப் புரியாது. காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். கையில் வைத்துத் தின்னக் கொடுப்பதை இன்றோடு நிறுத்து. கடிக்கும் பழக்கம் அதிலிருந்தும் தொடங்கலாம். வலி தீர்ந்த பிறகு காலைத் தூக்கப் பழக்கலாம்: தோளிலிருந்து கையைத் தடவிக்கொண்டே இறங்கி, குளம்பு ஒரு நொடி எழுந்தாலும் நீயாகவே கீழே விட்டுவிடு.

கடற்கரைத் தெரு தம்பி (மாலை 5.20)
மாமா, புட்டியின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் படிந்திருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன். தரையில் புல் போடுவதை நிறுத்தி, பழைய சிமெண்டுத் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டேன். வெப்பம் 100. ஊர்வலக் குதிரைக்காரர் சொன்ன டாக்டரிடம் பேசினேன். படத்தைப் பார்த்ததும் நாளை காலை 9 மணிக்கு வருவதாகச் சொன்னார். மாலையில் தோளைத் தொட்டபோது மூன்று முறை விலகி நின்றது.

லாயத்து மாமா (5.31)
அல்ஹம்துலில்லாஹ். 8.30 மணிக்கே நான் தோப்புக்கு வந்துவிடுகிறேன். டாக்டர் பார்க்கும்போது கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன்.