பைக்குக்கும் காருக்கும் நடுவே: மூடிய மூன்று சக்கர வண்டி நம் ஊருக்கு ஒத்துவருமா?

(ஒரு விவாதக்குழுவில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வரைபலகை:

சென்னையில் சொந்த வண்டியில் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டே வழிதான்: பைக், இல்லையென்றால் கார். பைக் என்றால் வெயில், மழை, லாரிப் புகை எல்லாம் நேராக மேலே விழும். அதைவிடப் பெரிய விஷயம் உயிர். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் இருசக்கர வண்டியில் போனவர்கள். கார் வாங்கலாம் என்றால் காசும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை.

இந்த இடைவெளிக்கு ஒரு வண்டி வரைந்து வைத்திருக்கிறேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஓட்டுபவர் முன்னே, இன்னொருவர் நேர் பின்னே. அகலம் 1.2 மீட்டர், நீளம் 2.4 மீட்டர். 4 யூனிட் பேட்டரி. யூனிட்டுக்கு 20 கி.மீ. என்று வைத்தால் 80 கி.மீ. ஓடும். உச்ச வேகம் 60. கதவு, கண்ணாடி, வைப்பர், சீட் பெல்ட் உண்டு, ஏ.சி. கிடையாது. விலை 2 லட்சத்துக்குள் அடங்க வேண்டும்.

மூன்று சக்கரம் ஏன் என்று கேட்பீர்கள். பின்பகுதி முழுவதையும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்), ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), ஷாக் அப்சார்பர் எல்லாம் கடையில் கிடைக்கிற பொருள்கள். டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) தேவையில்லை. அப்புறம், முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. மேடுபள்ளத்திலும் மூன்று சக்கரமும் தரையில் இருக்கும், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முறுக்கிக்கொள்ளாது. அதனால் சட்டத்தை மெல்லிய குழாயிலேயே கட்டலாம்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எதிர்ப்பு இருந்தால் அதைத்தான் முதலில் கேட்க விரும்புகிறேன்.

நான்காம் சக்கரம்:

எதிர்ப்பு இருக்கிறது. முக்காலி ஆடாது, சரி. ஓரத்தில் அழுத்தினால் கவிழும்.

கணக்கைப் பார்ப்போம். முன்சக்கரங்களுக்கு நடுவே 1.1 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று வைப்போம். நாலு சக்கரமாக இருந்தால் பக்கவாட்டு விசை 1.1 ஜி வரை போனால்தான் கவிழும் (1 ஜி என்றால் வண்டியின் எடைக்குச் சமமான விசை). அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும், வண்டி நிமிர்ந்தே நிற்கும். மூன்று சக்கரத்தில் அந்த எண்ணை, இரட்டைச் சக்கரங்கள் தாங்கும் எடையின் பங்கால் பெருக்க வேண்டும். முன்னால் 65 விழுக்காடு எடை இருந்தால் 0.7 ஜி. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு தெருத்திருப்பத்தை 30 கி.மீ. வேகத்தில் எடுத்தாலே 0.7 ஜி வந்துவிடுகிறது! காய்ந்த தார் ரோட்டில் டயர் வழுக்காது, வண்டி கவிழும்.

இது ஓட்டுபவர் தனியாகப் போகும்போது. நேர் பின்னே ஒருவரை உட்காரவைத்தால் அவர் எடையில் பெரும்பங்கு ஒற்றைப் பின்சக்கரத்தில் இறங்கும். முன்பங்கு 50 விழுக்காடாகக் குறைந்தால் கவிழும் எல்லை 0.55 ஜி. மனைவியை ஏற்றிக்கொண்டால் வண்டியின் குணமே மாறுகிறது என்றால் அதை யார் நம்பி ஓட்டுவது?

இன்னொன்று. ஐரோப்பாவில் மூன்று சக்கரக் கார்கள் பெருகியதற்கு வரியும் லைசென்ஸும் பெரிய காரணம். பிரிட்டனில் அவற்றை பைக்கோடு சேர்த்துப் பார்த்தார்கள். பைக் லைசென்ஸ் வைத்திருந்தவர் ரிலையன்ட் ராபின் என்ற மூன்று சக்கரக் காரை ஓட்டலாம். நம் ஊரில் பைக் லைசென்ஸை வைத்துக்கொண்டு மூன்று சக்கரம் ஓட்ட முடியாது. சலுகையே இல்லாத இடத்தில் எதற்காக ஒரு சக்கரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்?

வரைபலகை:

ராபினையும் இதையும் ஒன்றாகப் பேசாதீர்கள். ராபினில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. வளைவில் பிரேக் அடித்தால் எடை முன்னே பாயும். அங்கே தாங்க ஒற்றைச் சக்கரம்தான், வெளிப்பக்க மூலையில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்தக் கெட்ட பெயர். என் வண்டியில் பிரேக் அடித்தால் எடை இரட்டைச் சக்கரங்கள் மேல் ஏறும், எல்லை கூடும். நகரத்தில் ஆள் பயந்துபோய்ச் செய்கிற முதல் காரியம் பிரேக் மிதிப்பதுதான். ஜெர்மனியில் 1955 முதல் 1964 வரை வந்த மெசர்ஷ்மிட் கே.ஆர்.200-உம் இதே அமைப்புதான்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, ஒருவர் பின் ஒருவர். 191 சி.சி. எஞ்சினில் 90 கி.மீ. வரை போனது.

ஸ்டாண்டு ஆட்டோ:

ரெண்டு பேரும் கணக்கிலேயே நிற்கிறீர்கள். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். ஓட்டுகிறவனுக்குத் தெரிகிற சிலதைச் சொல்கிறேன்.

முதலில் பள்ளம். நாலு சக்கர வண்டியில் பள்ளத்தை நடுவில் விட்டுத் தாண்டலாம். மூன்று சக்கரத்தில் அது நடக்காது, ரோட்டில் மூன்று தடம் விழுகிறது. எந்தப் பள்ளமும் ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மாட்டும். ஆட்டோவில் முன்சக்கரம் மாட்டும். கண்ணுக்கு முன்னால் இருப்பதால் ஹேண்டிலை ஒடித்துத் தப்பிக்கலாம். உங்கள் வண்டியில் மாட்டப்போவது பின்சக்கரம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மோட்டாரும் அதே சக்கரத்துக்குள். அத்தனை கனத்தோடு பள்ளத்தில் இறங்கினால் ரிம் என்னாகும், பேரிங் என்னாகும்? பின்சீட்டில் இருப்பவர் முதுகெலும்பு அதற்கு நேர் மேலே இருக்கிறது.

ரெண்டாவது, அகலம். பைக்காரர் சிக்னலில் சந்து கிடைத்தால் முன்னே போய்விடுவார். அதனால்தான் அவர் பைக் வைத்திருக்கிறார். 1.2 மீட்டர் அகலத்தில் அந்தச் சந்து கிடையாது. ஆட்டோவே 1.3 மீட்டர்தான். கத்திப்பாராவில் காருக்குப் பின்னால் நிற்கிற அதே நேரம் இதிலும் நிற்க வேண்டும்.

ஆட்டோவில் பிடித்த விஷயம் ஒன்று சொல்லட்டுமா? 2.9 மீட்டர் ஆரத்துக்குள் திரும்பிவிடும். முட்டுச்சந்தில் போய் ஒரே வீச்சில் திரும்பி வரலாம். முன்னால் ரெண்டு சக்கரம் வைத்து ஸ்டீயரிங் போட்டால் அந்தத் திருப்பம் கிடைக்குமா என்று பாருங்கள்.

தாம்பரம் அக்கா:

இந்த வண்டி யாருக்காக என்று பேசுகிறீர்களோ அது நான்தான். ஸ்கூட்டரில் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் போகிறேன். ஐப்பசி கார்த்திகையில் ரெயின்கோட்டுக்குள் அவன் புத்தகப்பை, அவன் மேல் ஒரு ரெயின்கோட், எனக்கு ஒன்று. பள்ளி வாசலில் அவனை இறக்கும்போது ஷூவுக்குள் தண்ணீர் நிற்கும். சந்து கிடைக்குமா என்பது எனக்கு இரண்டாவது கவலை. நனையாமல், லாரி உரசாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடம் கூடுதலாக ஆனால் ஆகட்டும் தம்பி.

ஆனால் நேர் பின்னே உட்காரவைப்பது வேண்டாம். ஆறு வயசுப் பையனைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு எப்படி ஓட்டுவது? பெல்ட்டைக் கழற்றினானா, கதவைத் தொடுகிறானா என்பது தெரிய வேண்டும். கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

கதவையும் யோசியுங்கள். எங்கள் அடுக்ககத்தில் பைக் நிறுத்துகிற வரிசையில் கதவை அகலத் திறக்க முடியாது. மேலே தூக்குகிற கதவு என்றால் மழையில் திறந்ததும் சீட் நனையும். தள்ளித் திறக்கிற கதவாக இருந்தால் நல்லது.

நான்காம் சக்கரம்:

அக்கா சொன்னதோடு நேர் பின் சீட் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அருகருகே வைத்தால் புதுச் சிக்கல் வரும். பி.எம்.டபிள்யூ. இசெட்டா என்ற குட்டிக் காரை இங்கிலாந்தின் பிரைட்டனில் 1957-இலிருந்து கட்டியபோது வலப்பக்க ஓட்டுநருக்காக ஸ்டீயரிங்கை மாற்றினார்கள். எஞ்சினும் ஏற்கெனவே வலப்பக்கம்தான். இரண்டு எடையும் ஒரே பக்கம் சேர்ந்ததால் இடப்பக்கம் 27 கிலோ எதிர் எடை வைக்க வேண்டியிருந்தது. நம் ஊரிலும் ஓட்டுநர் வலப்பக்கம்தான்.

அதே இசெட்டாவில் உங்களுக்கு ஒரு தீர்வும் இருக்கிறது. மூல வடிவத்தில் பின்னால் இரண்டு சக்கரம், நடுவே அரை மீட்டருக்கும் குறைவான இடைவெளி. அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் டிஃபரன்ஷியல் தேவைப்படவில்லை. டிஃபரன்ஷியல் இல்லை, நாலு சக்கரமும் உண்டு. மழையில் ஒற்றைப் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும் என்ற பயமும் பாதியாகக் குறையும்.

பெங்களூரில் 1970-களில் சன்ரைஸ் நிறுவனம் ‘பாதல்’ என்று ஃபைபர் பாடி போட்ட மூன்று சக்கரக் கார் செய்தது. அந்த நிறுவனமே பிறகு சிப்பானி என்ற பெயரில் நாலு சக்கர டால்ஃபின் காருக்குப் போனது. நம் ஊரிலேயே ஒருமுறை நடந்து முடிந்த விவாதம் இது.

பட்டறை:

யாரும் பேசாத ஒன்று: கண்ணாடியில் படிகிற ஆவி.

சின்ன கேபினுக்குள் நனைந்த ஆள் இரண்டு பேர் ஏறிக் கதவைச் சாத்தினால் மூச்சுக்காற்றிலேயே முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். துணியால் துடைத்துக்கொண்டே வேளச்சேரி பாலம் ஏறுவது ஆபத்து. பெட்ரோல் காரில் எஞ்சின் சூடு சும்மா கிடைக்கிறது, அதைக் கண்ணாடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். பேட்டரி வண்டியில் அந்தச் சூடு கிடையாது. குறைந்தது ஒரு நல்ல பிளோயர் வேண்டும். கண்ணாடிக்குக் கீழே நீளமாக ஒரு காற்றுவாய், பின்பக்கம் காற்று வெளியேற ஒரு வழி. வெளிக்காற்றை எடுக்கும் இடத்தில் மழைத்தண்ணீர் வடிந்துபோகத் தடுப்பு. செலவு பெரிதில்லை, ஆனால் முதல் வரைபடத்திலேயே இடம் ஒதுக்காவிட்டால் பின்னால் வைக்க இடமே இருக்காது.

மேயில் இதே கேபின் அடுப்பு. ஏ.சி. கிடையாது என்று ஒரு வரியில் முடித்துவிட்டார் வரைபலகை. சின்ன ஏ.சி. 700 வாட் எடுக்கும் என்று வைத்துப் பாருங்கள். நகரத்தில் சராசரி 20 கி.மீ. வேகம் என்றால் 30 கி.மீ. போக ஒன்றரை மணி நேரம். வண்டி ஓட ஒன்றரை யூனிட், ஏ.சி.க்கு மட்டும் ஒரு யூனிட். தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். ஏ.சி. போடாவிட்டால் கண்ணாடி முழுசாக இறங்க வேண்டும். தள்ளுகிற கதவில் கண்ணாடியைக் கீழே இறக்க இடம் பார்த்து வையுங்கள்.

வரைபலகை:

ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

சீட்: நேர் பின்னே இல்லை, முழுக்க அருகருகேயும் இல்லை. ஓட்டுபவர் வலப்பக்கம் முன்னே, மற்றவர் இடப்பக்கம் ஒரு தோள் அளவு பின்னே. குழந்தை கை எட்டும் தூரத்தில் வருகிறது. தோளும் தோளும் இடிக்காததால் அகலம் 1.3 மீட்டரில் நிற்கிறது. எடையும் முன்னே வருகிறது: சக்கர இடைவெளியை 1.2 ஆக்கி, இருவர் ஏறினாலும் முன்பங்கு 60 விழுக்காடு நின்றால் எல்லை 0.72 ஜி. ஒருவர் மட்டும் போகும்போது வலப்பக்கம் சாயாமல் இருக்கப் பேட்டரியை இடப்பக்க சீட்டுக்கு அடியில் வைக்கிறேன். இசெட்டாவுக்குச் செத்த எடை தேவைப்பட்டது, நமக்குப் பேட்டரியே அந்த வேலையைச் செய்யும்.

பள்ளம்: ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன் சொல்வது நியாயம். ஹப் மோட்டாரை விட்டுவிட்டு மோட்டாரை ஸ்விங் ஆர்முக்கு முன்னால் சட்டத்தில் பூட்டி பெல்ட்டில் ஓட்டலாம். சக்கரம் லேசாகும், விலை கொஞ்சம் ஏறும்.

நாலாவது சக்கரம்: இதில்தான் ஒத்துப்போக முடியவில்லை. அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு பின்சக்கரம் வைத்தால் இன்னொரு டயர், ரிம், பிரேக், அதைத் தாங்க ஓர் அச்சு, அந்த அச்சுக்கு சஸ்பென்ஷன். ஸ்கூட்டர் உதிரிபாகம் என்ற அடிப்படையே போய்விடுகிறது. நாலு சக்கரத்தில் சின்ன வண்டி ஏற்கெனவே வந்திருக்கிறதே. பஜாஜ் க்யூட், 216 சி.சி., உச்ச வேகம் 70. நம் ஊர் பைக்காரர் அதற்கு மாறவில்லை.

நான்காம் சக்கரம்:

க்யூட்டை எடுத்ததால் சொல்கிறேன். 2016-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய வண்டிப் பாதுகாப்புச் சோதனை அமைப்பு அதை 50 கி.மீ. வேகத்தில் மோதவைத்துப் பார்த்து ஐந்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்தது. அது 400 கிலோ எடையும் நாலு சக்கரமும் உள்ள வண்டி. நீங்கள் மெல்லிய குழாயில் அதைவிட லேசாகக் கட்டப்போகிறீர்கள். பைக் சாவுகளைக் காட்டித் தொடங்கினீர்கள். மூடியிருந்தால் பாதுகாப்பு என்று மக்கள் நம்பி ஏறுவார்கள். அந்த நம்பிக்கைக்கு வண்டி தகுதியாக இருக்க வேண்டும்.

விலையும் அப்படித்தான். டாடா நானோ 2008-இல் ஒரு லட்சம் என்ற விலையோடு அறிமுகமானது, பின்னால் அவ்வளவு பெரிய நிறுவனம், 2018-இல் உற்பத்தி நின்றது. அமெரிக்காவில் எலியோ நிறுவனம் 6,800 டாலருக்கு இதே மாதிரி மூடிய மூன்று சக்கர வண்டி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கியது. உற்பத்திக்கே வரவில்லை. இரண்டு லட்சத்துக்கு இன்று பழைய ஆல்டோ கிடைக்கும். அதில் நாலு பேர் போகலாம்.

தாம்பரம் அக்கா:

பழைய ஆல்டோவை எங்கே நிறுத்துவது தம்பி? எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்துமிடம் ஒரு வீட்டுக்கு ஒன்றுகூட இல்லை. பைக் இடம் இரண்டு சேர்த்துக் கொடுப்பார்கள், அதில் இந்த வண்டி நிற்கும். லிட்டர் நூறு ரூபாய் பெட்ரோலில் நெரிசலில் கார் ஓட்டினால் கி.மீட்டருக்கு ஆறு ஏழு ரூபாய் ஆகிறது. அதுவும் என் சம்பளத்தில்தான் வர வேண்டும்.

மோதல் விஷயத்தில் நீங்கள் காரோடு ஒப்பிடுகிறீர்கள். நான் இன்றைக்கு ஸ்கூட்டரில் போகிறேன். என் பையன் முன்னால் நின்றுகொண்டு வருகிறான்.

நான்காம் சக்கரம்:

அக்கா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன்.

வரைபலகை, ஒன்று செய்யுங்கள். பாடி, கதவு எல்லாம் அப்புறம். சட்டம், சக்கரம், சீட் மட்டும் பற்றவைத்து, ஆளுக்குப் பதில் மணல் மூட்டையை பெல்ட்டால் கட்டி, பலகையில் ஏற்றிப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். 0.7 ஜி என்பது 35 டிகிரி சாய்வு. ஓட்டுபவர் மட்டும், இருவர், இருவரோடு பின்னால் 20 கிலோ மளிகை: மூன்று நிலையிலும், இரண்டு பக்கமும். கூரை, கதவு, கண்ணாடி எடையை அவை வரப்போகும் உயரத்திலேயே கட்ட மறக்காதீர்கள், ஈர்ப்பு மையத்தை ஏற்றிவிடுவது அவைதான். 35 டிகிரியில் மேட்டுப்பக்கச் சக்கரம் தரையை விடாமல் இருந்தால் மூன்று சக்கரத்தை நான் எதிர்க்கமாட்டேன். விட்டால் நாலாவது சக்கரம் போடுங்கள்.

வரைபலகை:

சம்மதம். மளிகையை 30 கிலோவாகவே வைக்கிறேன். அண்ணன் கேட்ட திருப்ப ஆரத்தையும் அதே சட்டத்தில் அளந்துவிடலாம்.

பட்டறை:

சாய்க்கும்போது ஷாக் அப்சார்பரைப் பூட்டிவிட்டுச் சாய்க்காதீர்கள். ஸ்பிரிங் அமுங்கினால் வண்டி இன்னும் கொஞ்சம் சாயும், ரோட்டிலும் அதுதான் நடக்கும். டயரில் ஓட்டப்போகிற காற்று அழுத்தமே இருக்கட்டும். மேட்டுப்பக்கம் சங்கிலி கட்டிவிட்டு ஏற்றுங்கள், சட்டம் கவிழ்ந்தால் பக்கத்தில் நிற்கிறவர் மேல்தான் விழும்.