லாம்ப்ரூஸ்கோ குடிச்சவங்க வாங்க, உங்க கதையைச் சொல்லுங்க

போலோஞா பாலு:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் எழுதிடறேன். இத்தாலியில ரெஜ்ஜியோ எமிலியா ஊரு, சின்ன சாப்பாட்டுக்கடை, டிசம்பர் குளிரு. நான் கப்பெல்லெத்தி (உள்ள பூரணம் வச்ச குட்டி பாஸ்தா) சூப்பும், அரை லிட்டர் லாம்ப்ரூஸ்கோவும், அதான் அந்த ஊரு நுரைக்கிற சிவப்பு ஒயின், சொல்லிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்து டேபிள்ல ஒரு தாத்தா, எண்பது இருக்கும், கழுத்து பட்டன் வரைக்கும் போட்டு டிப்டாப்பா இருக்காரு. அவருக்கு சூப் வந்துச்சு. மனுஷன் ஸ்பூனைக்கூட தொடல, கிளாஸ்ல இருந்த சிவப்பு ஒயினை அப்படியே சூப்புக்குள்ள கவுத்துட்டாரு! ஊதா கலர்ல நுரை பொங்குது, நடுவுல கப்பெல்லெத்தி மிதக்குது, கிண்ணத்தை ரெண்டு கையாலயும் தூக்கி ஒரே இழுப்பு. ரசத்துல மோரை ஊத்தி குடிக்கிறவனைப் பாக்குற மாதிரி நான் பாத்துட்டு இருக்கேன், கடையில வேற ஒருத்தரும் திரும்பக்கூட இல்ல. என்னைப் பாத்து கண்ணாலயே "ஊத்து"ன்னாரு. ஊத்தலாமா வேணாமான்னு யோசிக்கிறதுக்குள்ள என் சூப்பே ஆறிப்போச்சு. யாராச்சும் ஊத்திக் குடிச்சிருக்கீங்களா?

டெக்ஸாஸ் தமிழன்:
சூப்புல எப்படிங்க ஊத்துவாங்க, அது ஜூஸ் மாதிரி இனிப்பால்ல இருக்கும்? இங்க அமெரிக்காவுல லாம்ப்ரூஸ்கோன்னாலே பெருசுங்களுக்கு ரியுனித்தே பிராண்டுதான், எண்பதுகள்ல எல்லாரும் ஐஸ்ல வச்சுக் குடிச்சது. இத்தாலியில மொடேனா போனப்ப ஒரு ஒயின் கடைக்கார அம்மாகிட்ட "இனிப்பா ஒண்ணு குடுங்க"ன்னேன். அந்தம்மா மூஞ்சி போன போக்கு இருக்கே! ஒரு வார்த்தை பேசல, குனிஞ்சு அடித்தட்டுல இருந்து அமாபிலேன்னு (அரை இனிப்பு) போட்ட பாட்டிலை எடுத்து வச்சுட்டு, மேல் தட்டுல இருந்த இனிப்பில்லாத செக்கோவை என் கண்ணு முன்னாடியே துணியால தொடச்சுட்டு நின்னாங்க. இன்னைக்கு வரைக்கும் அது எனக்குப் பாடமா திட்டான்னு தெரியல.

கத்திரி வெயில்:
@டெக்ஸாஸ் திட்டுதான் ப்ரோ, சந்தேகமே வேணாம் 😄 ரியுனித்தே குடும்பக் கம்பெனியே கிடையாது, 1950ல ஆரம்பிச்ச கூட்டுறவு. அந்த ஒரு பிராண்டை வச்சு மொத்த லாம்ப்ரூஸ்கோவையும் இனிப்புன்னு முடிவு பண்ணா எப்படி? பாலு ப்ரோ, நான் ஊத்திக் குடிச்சிருக்கேன், கொழுப்பு மிதக்குற சேவல் சூப்புக்கு அந்தப் புளிப்பு அம்சமா இருக்கும். கலரைப் பாக்காம குடிக்கணும், அவ்ளோதான்.

வன்னி மைந்தன்:
நான் ரெஜ்ஜியோவில ஒரு கிச்சின்ல வேலை செய்யிறன். இஞ்ச ஆக்கள் தினம் மத்தியானம் குடிக்கிறது லாம்ப்ரூஸ்கோவைத்தான், அதில புதினம் ஒண்டும் இல்ல. ஒருநாள் சோடாப்போத்தல் மூடி போட்ட சாதி, போத்தலுக்குள்ளயே திரும்பப் புளிக்க விடுறது, அதைத் திறந்து குடுத்தம். சாப்பிட வந்த ஒருத்தர் கலங்கிக் கிடக்கு, பழுதாப் போச்சு எண்டு திருப்பி அனுப்பிப்போட்டார். முதலாளியம்மா வந்தா, ஒரு கதையும் இல்ல, போத்தலை மெதுவா ஒருக்காக் கவுட்டு அடிமண்டியையும் கலக்கி, கிளாஸில விட்டு அவற்ற மேசைக்கு முன்னால நிண்டே முழுசாக் குடிச்சிட்டு, "நல்லாத்தானே இருக்கு" எண்டுபோட்டு உள்ள வந்திட்டா. பிறகு அந்தாள் அதையே கேட்டு வாங்கிக் குடிச்சவர்.

ஒயின் வாத்தியார்:
நான் ஒருதடவை மிலான் ஏர்போர்ட்ல குடிச்சேன், சூடா குடுத்துட்டாங்க, கோவம் வந்துச்சு. அது கிடக்கட்டும், புதுசா வாங்கறவங்க கவனிங்க. லேபிள்ல செக்கோன்னா இனிப்பு இல்ல, அமாபிலேன்னா அரை இனிப்பு, தோல்சேன்னா முழு இனிப்பு. லாம்ப்ரூஸ்கோவுலயே ரகம் இருக்கு: சோர்பாரான்னா வெளிறின ரோஸ் கலர், புளிப்பு தூக்கலா இருக்கும், கிராஸ்பரோஸான்னா கருஞ்சிவப்பு, துவர்ப்பு. நல்லா குளுகுளுன்னு குடிங்க, வாங்கி வருஷக்கணக்குல பூட்டி வைக்காதீங்க, இது அதுக்கான ஒயின் இல்ல. மொர்த்தடெல்லா (பன்னிக்கறி சாசேஜ்), ஞோக்கோ ஃப்ரித்தோ (பொரிச்ச மாவு), இந்த மாதிரி கொழுப்பான ஐட்டத்தோட குடிச்சாத்தான் அருமை தெரியும். குடும்பக் கம்பெனிதான் வேணும்னா கியார்லி, 1860ல மொடேனாவுல சாப்பாட்டுக்கடை நடத்துன ஆளு, கடையில ஊத்துன ஒயினுக்குக் கூட்டம் சேரவும் தனியா ஒயினரியே ஆரம்பிச்சது. இல்லன்னா மெதிச்சி எர்மெதேவோட கொஞ்செர்த்தோ, சலமினோ திராட்சை, இப்ப அஞ்சாவது தலைமுறை பாத்துக்குது. சூப்புல ஊத்தறதெல்லாம் ஃபோட்டோவுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

சோளக்கொல்லை:
வாத்தியாரே, பாலு சொன்ன அந்த தாத்தா யாருக்கு ஃபோட்டோ காட்ட ஊத்தினாரு? சோர்பாராவை "புளிப்பு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க, அதான் எழுத வந்தேன். மொடேனா பக்கம் செக்கியா ஆத்துக்கும் பனாரோ ஆத்துக்கும் நடுவுல ஒரு சின்ன குடும்பத் திராட்சைத்தோட்டம், அப்பாவும் பொண்ணும் மட்டும். அந்தப் பொண்ணு ஒரு கொத்தைப் பிடிச்சுக் காட்டுச்சு, பாதி ஓட்டை. நாலு பழம் ஒழுங்கா, மீதி கொட்டையே இல்லாம பொடிசு பொடிசா. சோர்பாரா பூவோட மகரந்தம் வேலைக்கே ஆகாதாம், அதனால பக்கத்துலயே சலமினோ வரிசை நட்டு வச்சிருக்காங்க, பூக்குற நேரம் மழை பிடிச்சுட்டா அந்த வருஷம் விளைச்சல் போச்சு. இவ்ளோ சண்டி பண்ற கொடியில இருந்து வர்ற பாட்டில் ஆறு யூரோ. இன்னும் ஏத்தி வைக்கலாமேன்னு கேட்டேன். அவங்கப்பா பைப்பைப் பிடிச்சு டேங்க் கழுவிட்டு இருந்தவரு, திரும்பாமலே, "ஏத்தினா பக்கத்து வீட்டுக்காரன் எதைக் குடிப்பான்?"

டெக்ஸாஸ் தமிழன்:
ஆறு யூரோவா?? இங்க அதே சோர்பாரா இருபது டாலர்கிட்ட வருது. அந்தத் தோட்டத்துல நேரா போனா விப்பாங்களா, முன்னாடியே சொல்லிட்டுப் போகணுமா?