20 கி.மீ தாண்டுனா உக்கார முடியல, எந்த சீட்டு மாத்தறது?

கோபி_வாய்க்கால்மேடு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க புதுசு, தப்பா கேட்டிருந்தா பொறுத்துக்கோங்க. வயசு 44, எடை 83 கிலோ. சக்கரை பார்டர்ல நிக்குதுன்னு டாக்டர் சொன்னதுல இருந்து ஆவணி மாசம் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன், நேர் ஹேண்டில்பார் வண்டி. காலைல அஞ்சரைக்கு கோபில இருந்து கெளம்பி சத்தி ரோட்டுல கொடிவேரி பிரிவு வரைக்கும் போயிட்டு வருவனுங்க. ரெண்டு பக்கமும் நெல்லு வயலு, வாய்க்கா தண்ணி சத்தம், அந்த நேரத்துல அந்த ரோட்டுல போறதுக்கே குடுத்து வெச்சிருக்கோணும். காலு வலிக்கல, மூச்சு வாங்கல. உக்கார்ற எடம் மட்டும்தான் நோவு. 12, 15 கி.மீ வரைக்கும் தெரியறதில்ல, 20 ஆச்சுன்னா ரெண்டு பக்க எலும்புலயும் ஆணி வெச்சு அடிச்ச மாதிரி இருக்குது.

கடைல சொன்னாங்கன்னு ஜெல் கவர் ஒண்ணு வாங்கிப் போட்டேன். முதல் 5 கி.மீ சோபா மாதிரி இருந்துச்சு, அப்புறம் எலும்பு நோவு போயி முன்னாடி பக்கம் மரத்துப்போக ஆரம்பிச்சிருச்சு, எறங்கி கால் மணி நேரம் நடந்தாத்தான் உணர்வே வருது, அது எனக்கு ரொம்ப பயமா இருக்குது. அடுத்து அதே கடைல நல்லா அகலமா ஸ்பிரிங் வெச்ச சீட்டு ஒண்ணு 1,400 ரூவாய்க்கு மாத்துனேன், அது தொடைய ரெண்டு பக்கமும் ஒரசி ஒரசி தோலு வழண்டு போச்சு. இப்ப மூணாவதா எதை வாங்கறதுன்னு தெரியாம நிக்கிறேன்.

எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, பெரிய சைக்கிள்ல ரெண்டு பக்கமும் பால்கேன் கட்டிக்கிட்டு தினமும் காலைல டவுனுக்கு போயி ஊத்திட்டு வருவாருங்க, ஒருநாளும் நோகுதுன்னு சொன்னதில்ல. பங்குனில பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் தீமிதிக்கு முன்னாடி ஒருக்கா சைக்கிள்லயே கோயிலுக்கு போயிட்டு வந்தரோணும்னு மனசுல நெனச்சிருக்கேன், போக வர எப்படியும் 70 கி.மீக்கு மேல வரும். வழி சொல்லுங்க.

ரசமட்டம்_பல்லடம்:

அண்ணா, மூணாவது சீட்டு வாங்கறத ஒரு ரெண்டு வாரம் தள்ளிப்போடுங்க. நானும் இதே மாதிரி நாலு சீட்டு மாத்தினவன், கடைசீல மாத்த வேண்டியது சீட்டு இல்ல, சீட்டு இருந்த எடம்.

ஜெல்லு ஏன் மரத்துப்போக வைக்குதுன்னு மொதல்ல சொல்லிப்போடறேன். பஞ்சு மூட்டை மேல உக்காந்தா நம்ம உக்காந்த எடம் அமுங்கி சுத்தியும் பொம்மிக்கிட்டு வருமில்லீங்களா, அதேதான். உக்கார்ற எலும்பு ரெண்டும் ஜெல்லுக்குள்ள எறங்கிருது, நடுவுல இருக்கற ஜெல்லு மேல வந்து முன்னாடி மெத்துனு இருக்கற எடத்தை அமுக்குது. அங்கதான் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுது. ஒடம்பு எடைய எலும்பு தாங்கோணும், சதை தாங்கக் கூடாது. எலும்பு நோவு பழகப் பழகப் போயிரும், மரத்துப்போறது பழகாது, அதைப் பொறுத்துக்கிட்டு ஓட்டவே கூடாது. உங்களுக்கு சக்கரை வேற சொல்றீங்க, எறங்கி ரொம்ப நேரம் ஆகியும் மரமரப்பு போகலீன்னா டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லிருங்க.

மொத வேலை அளவு எடுக்கறது. பொட்டி அட்டை இருக்குமில்ல, உள்ள வரி வரியா இருக்கறது, அதை திண்ணை மாதிரி கெட்டியான எடத்துல போட்டு மெல்லிசு துணியோட உக்காருங்க, சைக்கிள்ல குனியற அளவுக்கு முன்னாடி குனிஞ்சு, முழங்கால் இடுப்புக்கு மேல வர்ற மாதிரி காலுக்கு ரெண்டு செங்கல் முட்டு குடுத்து ஒரு நிமிசம் அமுந்து உக்காருங்க. எந்திரிச்சுப் பாத்தா ரெண்டு குழி தெரியும். ஒரு குழி நடுவுல இருந்து இன்னொரு குழி நடுவு வரைக்கும் எத்தனை மி.மீன்னு அளந்துக்கோங்க. உங்க வண்டி மாதிரி பாதி குனிஞ்சு ஓட்டறதுக்கு அது கூட ஒரு 20ல இருந்து 25 மி.மீ கூட்டினா சீட்டு அகலம் சுமாரா கெடைக்கும். ஆளு குண்டா ஒல்லியான்னு பாத்து சீட்டு குடுக்கறது தப்பு, ஒல்லியான ஆளுக்கு அகலமான எலும்பு இருக்கும்.

அடுத்தது உசரம். செருப்பில்லாம செவுத்துல சாஞ்சு நின்னு ஒரு நோட்டுபுக்கை காலுக்கு நடுவுல சீட்டு மாதிரி நல்லா மேல ஏத்திப் புடிச்சு, தரைல இருந்து அது மேல்விளிம்பு வரைக்கும் அளங்க. அதை 0.883ல பெருக்குங்க. பெடல் சுத்தற அச்சு நடுவுல இருந்து சீட்டு மேல்பக்கம் வரைக்கும் அத்தனை இருக்கோணும். 80 செ.மீ வந்துச்சுன்னா 70.6. கணக்கு வேண்டாம்னா குதிகாலை பெடல்ல வெச்சு பெடல் அடில இருக்கறப்ப முழங்கால் நேரா நிக்குதான்னு பாருங்க, இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. நம்மாளுங்க முக்காவாசிப் பேரு ரெண்டு காலும் தரைல படறமாதிரி சீட்டை எறக்கி வெச்சுக்கறாங்க, அப்ப காலு எடைய வாங்காது, மொத்த எடையும் சீட்டு மேலதான் உக்காரும். ஏத்தறப்ப சீட் போஸ்ட்டுல மினிமம்னு ஒரு கோடு இருக்கும், அது வெளிய தெரியற அளவுக்கு ஏத்திராதீங்க, அது சொருகியிருக்கற குழாயோட கழுத்து ஒடைஞ்சிரும்.

மூணாவது மட்டம். எங்கப்பா கொத்தனாருங்க, அவரோட ரசமட்டத்தைத்தான் சீட்டு மேல நீளவாக்குல வெச்சுப் பாத்தேன், என்ர சீட்டு மூக்கு மேல தூக்கிக்கிட்டு நின்னுச்சு. மட்டமா வெய்ங்க, இல்லாட்டி மயிரிழை முன்பக்கம் எறக்கம். எச்சா எறக்கினா முன்னாடி வழுக்கி உள்ளங்கை நோவும். அப்புறம் சீட்டை முன்னபின்ன நகத்தறது, அதுக்கு தூக்குக்குண்டு. பெடலை முன்னாடி நேர்மட்டமா நிறுத்தி முழங்கால் சிப்பில இருந்து குண்டைத் தொங்கவிட்டா பெடல் அச்சுகிட்ட விழுகோணும். இது சட்டமெல்லாம் இல்ல, ஆரம்பிக்க ஒரு எடம், அவ்வளவுதான்.

அப்பிச்சி விசயம். அவரு நிமிந்து உக்காந்து மெதுவா ஓட்டியிருப்பாரு, எடை முழுசும் எலும்பு மேல. அந்தக் காலத்து பெரிய சைக்கிள்ல வர்ற தோல் சீட்டு கயித்துக்கட்டில் மாதிரி, முன்னாடியும் பின்னாடியும் இழுத்துக் கட்டின தோலு, கீழ ஒண்ணும் கெடையாது, ஆளுக்குத் தக்கன தொட்டி விழுகும். குனிஞ்சு ஓட்டற வண்டில அத்தனை அகல சீட்டைப் போட்டா தொடைதான் தேயும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

பனியன்_ஊர்_அக்கா:

அந்த தம்பி சொன்னது எல்லாமே சரிங்க, ஆனா யாருமே துணியப் பத்திப் பேசல. நான் திருப்பூர்ல தையல் லைன்ல 17 வருசமா இருக்கேன், வாரத்துல மூணு நாள் அவிநாசி ரோட்டுல ஓட்டறவ. அண்ணா நீங்க என்ன போட்டுக்கிட்டு ஓட்டறீங்க? டிராக் பேண்ட்டு, உள்ள காட்டன் ஜட்டியா? அப்படின்னா சீட்டைத் திட்டறதுக்கு முன்னாடி அந்த ஜட்டிய உள்பக்கம் திருப்பி தையலைத் தடவிப் பாருங்க. சாதாரணமா ஓவர்லாக் அடிச்சு மடிச்சிருப்பாங்க, ஒரு வரப்பு மாதிரி மேடு இருக்கும், அந்த மேடு சரியா எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவுல மாட்டி மணிக்கு நாலாயிரம் தடவைக்கு மேல ஒரசுது, நிமிசத்துக்கு 70 மிதின்னு கணக்குப் போட்டுப் பாருங்க. சைக்கிள் ஷார்ட்ஸ்ல ஃபிளாட்லாக் தையல், ரெண்டு துணியும் பக்கத்துல பக்கத்துல படுத்து மட்டமா இருக்கும், விரல் வெச்சா தெரியாது. காட்டன் வேர்வைய உறிஞ்சிக்கும் ஆனா விடாது, ஈரத்தோலு சீக்கிரம் வழண்டிரும், அதனாலதான் நைலான்ல லைக்ரா கலந்த துணி.

பேடு வெச்ச ஷார்ட்ஸ் வாங்கறப்ப பேடு எத்தனை தடிமன்னு பாக்காதீங்க, அமுக்கிப் பாருங்க. விரல் கீழ வரைக்கும் எறங்குச்சுன்னா வெறும் ஸ்பாஞ்சு, ஒரு மணி நேரத்துல தட்டையாயிரும். உள்ள ஜட்டி போடவே கூடாது, அந்த பேடு நேரா தோலு மேல படறதுக்குத்தான் தெச்சது. ஒவ்வொரு தடவையும் தொவச்சுப் போடோணும், சோப்பு நல்லா போற மாதிரி அலசோணும், கம்ஃபோர்ட் மாதிரி எதும் ஊத்தவேண்டாம். ஒரசற எடத்துல வாசலின் சித்த தடவிக்கலாம்.

இதைப் படிக்கற பொம்பளைங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நமக்கு பெரும்பாலும் எலும்பு அகலம் எச்சா இருக்கும், ஆம்பளைங்க வண்டில வர்ற சீட்டு ஒத்துக்காது. நடுவுல வெட்டு விட்ட சீட்டு, மூக்கு குட்டையா இருக்கறது பாருங்க. நான் ரெண்டு வருசம் யாருகிட்டயும் கேக்க கூச்சப்பட்டுக்கிட்டு நோவோட ஓட்டி கடைசீல வண்டிய அட்டாலில ஏத்திப்போட்டேன், ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்த ரெண்டு வருசம் வீணாப் போயிருக்காது.

சென்னிமலைப்_பெருசு:

தோல் சீட்டை இப்படி ஒரே வரில தள்ளிப்போட்டீங்களே கண்ணு. எனக்கு 61, புரூக்ஸ் பி17ங்கற தோல் சீட்டு மேல உக்காந்துதான் 200 கி.மீ பிரவே, அதாவது கெடு நேரத்துக்குள்ள முடிக்கற நெடுந்தூர ஓட்டம், முடிச்சேன், அதுக்கு கெடு பதிமூணரை மணி நேரம், எறங்கறப்ப நோவு முழங்கால்ல மட்டும்தான். இங்கிலாந்துக்காரங்க 1866ல இருந்து இருக்கற கம்பெனி, சும்மா ஒண்ணும் நிக்கல. குனிஞ்சு ஓட்டறவங்களும் அதுல ஓட்டறாங்க, ஹேண்டில்பாரு சீட்டு மட்டத்துக்கு இருந்தாப் போதும். ஆனா பொறுமை வேணும். ஆரம்பத்துல பலகை மாதிரி இருக்கும், சில நூறு கி.மீ ஓட்டுன பின்னாடிதான் நம்ம எலும்புக்கு குழி விழுகும். அதுக்கப்புறம் அது உங்களுக்கு மட்டுமேயான சீட்டு.

ரசமட்டம்_பல்லடம்:

அய்யா சொல்றதை மறுக்கல, மழைதான் எனக்கு யோசனை. ஐப்பசி கார்த்திகைல அந்தத் தோலு நனைஞ்சபடியே ஓட்டுனா தொய்ஞ்சு போயிரும், கவர் போட்டுக்கிட்டே இருக்கோணும், மெழுகு தேய்க்கோணும். விலையும் எச்சு. அண்ணன் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு, மொதல்ல இருக்கறதை சரி பண்ணட்டும்.

கோபி_வாய்க்கால்மேடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பத்து நாள் கழிச்சு எழுதறேன், செஞ்சு பாத்துட்டு எழுதோணும்னுதான் இருந்தேன்.

அட்டைல 122 மி.மீ வந்துச்சு. காலு அளவு 79, கணக்குப்படி சீட்டு 69.8 இருக்கோணும், என்ர வண்டில 64.5தான் இருந்துச்சு, அஞ்சு செ.மீக்கு மேல தணிவு! மூக்கும் மேல பாத்துக்கிட்டு நின்னுச்சு, அதான் மரத்துப்போயிருக்குது. ஸ்பிரிங் சீட்டைக் கழட்டி ஜெல் கவரையும் தூக்கிப்போட்டு வண்டியோட வந்த பழைய சீட்டையே மாட்டினேன், உசரத்தை ஒரே நாள்ல ஏத்தாம தினம் ஒரு செ.மீன்னு ஏத்தினேன். அக்கா சொன்ன மாதிரி ஷார்ட்ஸ் வாங்கினேன், மொதல்ல ஜட்டி இல்லாம ஒரு மாதிரி இருந்துச்சு, இப்ப இல்ல. நேத்து சத்தி வரைக்கும் போயி பஸ்ஸ்டாண்டுகிட்ட டீ குடிச்சுட்டு திரும்பி வந்தனுங்க. மரமரப்பு சுத்தமா இல்ல. எலும்பு நோவு பாதியா கொறைஞ்சிருச்சு, ஆனா வலதுபக்கம் மட்டும் இடதைக் காட்டிலும் நோகுது. அது ஏன்?

ரசமட்டம்_பல்லடம்:

ரொம்ப சந்தோசமுங்க அண்ணா. ஒத்தப்பக்கம் நோகுதுன்னா பெரும்பாலும் உசரம் ஒரு நூல் எச்சு, இடுப்பு அக்கட்டும் இக்கட்டும் ஆடி ஒரு எலும்பு மேல சாயுது. பின்னாடி யாரையாச்சும் வண்டில வரச்சொல்லி இடுப்பு ஆடுதான்னு பாக்கச் சொல்லுங்க. 3, 4 மி.மீ எறக்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. சீட்டு மூக்கு நேரா ஹேண்டில்பாரைப் பாத்து இருக்குதான்னும் பாத்துக்கோங்க, ஏத்தறப்ப சித்த திரும்பியிருக்கும். கோபி சத்தி ரோடு சமமா இருக்கறதால எந்திரிச்சு மிதிக்கவே தோணாது, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வேணும்னே எந்திரிச்சு பத்து மிதி மிதிங்க, ரத்தம் ஓடட்டும். அப்பவும் போகலீன்னா 145 அகலத்துல நடுவுல வெட்டு விட்டது ஒண்ணு பாக்கலாம், திருப்பிக் குடுத்தா வாங்கிக்கற கடையா பாத்து வாங்குங்க. உசரம் சரியா அமைஞ்சதும் சீட் போஸ்ட்டுல கரன்ட் டேப்பை ஒரு சுத்து சுத்தி அடையாளம் வெச்சிருங்க, வண்டிய யாராச்சும் ஓட்ட வாங்கி எறக்கிட்டாலும் அதே எடத்துக்கு வந்திரலாம்.