மூஸ் ஜா போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: உங்களை விடாமல் தொடர்வது எது?

கோத்தகிரி மகன்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து ஊரான மூஸ் ஜாவில், நிலத்தடிச் சுரங்கப் பாதைகளுக்குள் கூட்டிப்போய் நடிகர்கள் பழைய கதைகளை நடித்துக் காட்டும் சுரங்கச் சுற்றுலா என்னவென்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நாங்கள் போனது சீனத் தொழிலாளர்களின் கதையைச் சொல்லும் சுற்று. போன ஆகஸ்டில் கோத்தகிரியிலிருந்து வந்திருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு, கேல்கரியிலிருந்து ஏழு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன்.

அந்தச் சுற்றில் நாம் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்ல. கப்பலில் வந்து இறங்கிய கூலிகள் நாம்தான் என்று வைத்துக்கொண்டே நாடகம் நடக்கிறது. மேற்பார்வையாளன் வேடத்தில் வந்த இளைஞன், சலவைத் தொட்டிகள் இருந்த அறையில் எங்களை நிறுத்தி, "வரிசையில் நில், தலையைக் குனி, வாயைத் திறக்காதே" என்று அதட்டினான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் கட்டி, தோளை ஒடுக்கிக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து நின்றார். இளைஞன் அவருக்கு எதிரே வந்து "புரிந்ததா?" என்று கேட்டான். அப்பா மிகத் தாழ்ந்த குரலில், தமிழில், "சரிங்க துரை" என்றார்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் அவர். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர். எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. தோட்டத்து அதிகாரியை அழைக்கும் "துரை" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஓங்கியிருந்த கையை இறக்கி, தன் சொந்தக் குரலில், "ஐயா, உங்களுக்கு ஒன்றுமில்லையே?" என்று விசாரித்தான். அப்பா தலையசைத்தார்.

மேலே வந்து வெயிலில் நின்றதும் ஐஸ்கிரீம் கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். கீழே நடந்ததைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமா, கூடாதா? எட்டு மாதமாக இதே கேள்விதான்.

பழைய பத்திரம்

அப்பாவின் நிலை புரிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சுரங்கங்களில் சீனர்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பதற்கும், அமெரிக்கக் குற்றக் கும்பல் தலைவன் அல் கபோன் அங்கே வந்து தங்கினான் என்பதற்கும் உறுதியான ஆவணச் சான்று கிடையாது. வரலாற்று ஆய்வாளர்கள் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பிக் கண்ணீர் விடுவதற்கு முன்னால், சான்று இருக்கும் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1912-இல் சஸ்காச்சுவான் மாகாணம் ஒரு சட்டம் போட்டது: சீன முதலாளியின் கடையில் வெள்ளைக்காரப் பெண் வேலை செய்யக்கூடாது. அதன்படி தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் இதே மூஸ் ஜாவில் உணவகம் நடத்திய குவோங் விங். கனடாவில் பிரிட்டிஷ் பிரஜையாகக் குடியுரிமை பெற்றவர். இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பரிமாற வைத்தார் என்பதே குற்றம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1914-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ஐடிங்டன் ஒருவர்தான் மாறுபட்டார். கனடாவுக்குள் வரும் சீனர்கள் மீது விதித்த தலைவரியும் எல்லோரும் அறிந்ததே: 1885-இல் 50 டாலர், 1900-இல் 100, 1903-இல் 500. 1923-இல் வாசலையே சாத்திவிட்டார்கள். திறக்க 1947 ஆனது.

நான் மூஸ் ஜா போனது ஒரு பிப்ரவரி மாதம். மெயின் தெருவில் ஒரு சீன உணவகத்தில் மதியச் சாப்பாடு. பள்ளி முடித்த வயதில், செம்பட்டை முடியுடன் ஒரு பெண் வந்து கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். கல்லாவில் வயதான சீனப் பெண்மணி ரசீதுகளை ஆணியில் குத்திக்கொண்டிருந்தார். தேநீர் விளிம்புவரை வந்து நின்றபோதுதான் உறைத்தது: இதோ, இந்தக் கை, இந்தக் கிண்ணம், இதுதான் குற்றம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரில், இதற்காகத்தான் ஒருவரைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்தப் பெண் "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று இரண்டு முறை கேட்ட பிறகே எனக்குக் காதில் விழுந்தது.

ரெஜைனா மாணவி

பழைய பத்திரம் அவர்களே, நீங்கள் சொன்ன வழக்கு எனக்குப் புதிது, நன்றி. ஆனால் அவர் கேட்டது தன் அப்பாவைப் பற்றி. அப்பா அந்த அறையில் பார்த்தது ஹட்டனைத்தான். அதற்கு மூஸ் ஜாவின் ஆவணக் காப்பகத்தில் சான்று தேட வேண்டியதில்லை.

என் அனுபவம் சிறியது. ரெஜைனாவிலிருந்து மூஸ் ஜா 70 கிலோமீட்டர்தான். முதலாம் ஆண்டில் கையில் கார் இல்லாதபோது அந்த 70 கிலோமீட்டர் கடல்போல இருந்தது. மாகாண அரசின் பஸ் நிறுவனத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். மேற்குக் கனடாவில் கிரேஹவுண்ட் பஸ்ஸும் 2018 அக்டோபரோடு நின்றுபோனது. மூஸ் ஜாவில் அழகான பழைய ரயில் நிலையக் கட்டடம் இருக்கிறது, பயணிகள் ரயில் 1990-இலிருந்து இல்லை. கடைசியில் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி எங்களைக் காரில் கூட்டிப் போனார். நெடுஞ்சாலை ஓரத்தில் மேக் என்ற அந்தப் பெரிய மூஸ் மான் சிலையின் காலடியில் நிறுத்திவிட்டு, பாட்டி சொன்னார்: 1984-இல் இதை நிறுத்தியபோது உலகிலேயே உயரமானது எங்களுடையதுதான். 2015-இல் நார்வேக்காரர்கள் 30 சென்டிமீட்டர் கூடுதலாக ஒன்றைச் செய்துவிட்டார்கள். 2019-இல் நாங்கள் மேக்குக்குப் புதிய கொம்பு வைத்து உயரத்தை மீட்டோம்.

"நாங்கள்" என்று சொல்லும்போது பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும். என் சொந்த ஊர் திருச்சி. மலைக்கோட்டையைப் பற்றி நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

வெண்பனி ஓட்டுநர்

மேக்கின் காலடியில் நானும் நின்றேன். கனடா விமானப் படையின் சாகசக் குழுவான ஸ்னோபேர்ட்ஸ் அணியின் தளம் அந்த ஊரில்தான் இருக்கிறது; ஒன்பது விமானங்கள் ஒரே கோடாக என் தலைக்கு மேலே திரும்பின. மகன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே குளிர்காலத்தில் போவதைப் பற்றிச் சாதாரணமாக எழுதுகிறீர்கள், அதனால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. ஸ்விஃப்ட் கரன்ட்டிலிருந்து மூஸ் ஜா வரை 170 கிலோமீட்டருக்கு மேல் வெறும் வெளி. காற்று பனியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தால் சாலை எங்கே, வயல் எங்கே என்று தெரியாது. கார் சறுக்கி ஓரத்தில் இறங்கிவிட்டால், இறங்கி நடக்காதீர்கள். தூரத்தில் தெரியும் பண்ணை விளக்கு பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தோன்றும், நம்பாதீர்கள். காரிலேயே இருங்கள். எஞ்சினை ஓட விடுமுன் புகைக்குழாயை மூடிய பனியை அகற்றிவிடுங்கள், இல்லையென்றால் நச்சுப் புகை உள்ளே வரும். பின்பெட்டியில் போர்வை, மண்வெட்டி, தகர டப்பாவில் ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிஸ்கட் வேண்டும். இரவு தங்கும் இடத்தில் காரின் எஞ்சின் சூடேற்றியைச் சொருக மின்இணைப்பு உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மைனஸ் 30-இல் அது இல்லாமல் காலையில் வண்டி கிளம்பாது.

இன்னொன்று. சஸ்காச்சுவானில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கோடையில் ஆல்பர்ட்டாவுக்கும் அதற்கும் ஒரே நேரம். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கேல்கரியிலிருந்து வரும் நம்மவர்கள் குளிர்காலச் சுற்றுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நிற்பது இதனால்தான். கோடையென்றால் அந்தி நேரத்தில் மான் குறுக்கே வரும், வேகத்தைக் குறையுங்கள். புல்வெளியில் நடந்தால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், உண்ணி ஏறும்.

வன்னியூரான்

சுரங்கமும் மூஸும் எல்லோரும் பார்ப்பவை. நெடுஞ்சாலை 2-இல் தெற்கே 13 கிலோமீட்டர் போய் அந்தக் கப்பலைப் பார்த்தவர் யாரும் இல்லையா?

சூக்கனன் என்ற பின்லாந்துக்காரர். 1930களில், மழை பொய்த்து மண்ணே பறந்த அந்த ஆண்டுகளில், சஸ்காச்சுவானின் வயல்வெளி நடுவில் தனி ஆளாக ஒரு கப்பல் கட்டினார். ஆற்றில் இறக்கி, ஹட்சன் விரிகுடா வழியாக பின்லாந்துக்கே போய்விட வேண்டும் என்பது எண்ணம். ஆறு பல மைல் தொலைவில். துண்டு துண்டாக இழுத்துப் பார்த்தார். முடியவில்லை. 1943-இல் மருத்துவமனையில் இறந்துபோனார். கப்பலைப் பின்னாளில் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவரையும் அதன் அருகிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

டொரொன்டோவிலிருந்து மேற்கே வேலைக்குப் போகிற வழியில், மாமாவும் நானும் அங்கே இறங்கினோம். மாமா முல்லைத்தீவுக் கடற்கரையில் உள்ள வலைஞர்மடத்துக்காரர், வள்ளம் கட்டத் தெரிந்தவர். கதைப் பலகையை அவர் வாசிக்கவில்லை. நேரே போய் கப்பலின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தை விரலால் தடவிக்கொண்டே ஒரு முழுச் சுற்று வந்தார். பிறகு, "இது மிதந்திருக்கும், தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சுற்றிலும் கோதுமை. கடலிலிருந்து எத்தனை தொலைவு என்று எண்ணிப் பார்க்கவும் மனம் வரவில்லை.

அன்றிரவு மாமா விடுதியில் வெகுநேரம் தூங்கவில்லை. அவருடைய வள்ளம் 2009-இல் கரையிலேயே நின்றுபோனது.

பருப்பு வாசம்

வின்னிபெக்கிலிருந்து எழுதுகிறேன். மூஸ் ஜாவின் டெம்பிள் கார்டன்ஸ் விடுதி வெந்நீர்க் குளத்துக்கு ஒரு ஜனவரியில் போயிருந்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்: நிலத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து வரும் தாதுநீர், மாடிக் குளம், உள்ளேயிருந்து நீந்தியே வெளியே வந்துவிடலாம். வெளியே மைனஸ் 28. கழுத்துவரை சூடு, நனைந்த தலைமுடி இரண்டு நிமிடத்தில் வெள்ளையாகி விறைத்துக்கொண்டது.

ஆவிக்குள்ளிருந்து ஒரு வயதானவர், "இந்தியாவா?" என்று கேட்டார். கொழும்பு என்றேன். "அப்படியென்றால் சிவப்புப் பருப்பு சாப்பிடுகிறவர்கள்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் விவசாயி, ஊருக்குத் தெற்கே நிலம். கனடாவின் பருப்பில் மிகப் பெரும் பகுதி இந்த மாகாணத்தில்தான் விளைகிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. நனைந்த கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினார்: காய் இவ்வளவு சிறியது, தரையை ஒட்டித்தான் தொங்கும், அறுவடை இயந்திரத்தின் கத்தி மண்ணைச் சுரண்டுகிற மாதிரி போக வேண்டும். அதனால் வசந்தத்தில் விதைத்ததும் பெரிய உருளையை ஓட்டிக் கற்களை மண்ணுக்குள் அமுக்கிவிடுவார்களாம். 2017 டிசம்பரில் இந்தியா பருப்புக்கு 30 சதவீத இறக்குமதி வரி போட்டதைச் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. "அந்த வருடம் குதிர் நிறையப் பருப்பு, வாங்க ஆள் இல்லை" என்றார்.

கொழும்பில் அம்மா தினமும் தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் மைசூர்ப் பருப்புக் கறியை அவருக்கு விளக்கினேன். கறிவேப்பிலைக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் வராமல் தடுமாறினேன். முப்பது வருடம் இதை விதைக்கிறேன், ஒருநாளும் சமைத்துச் சாப்பிட்டதில்லை என்று அவர் சொன்னார். நான் ஏன் அவருடைய விலாசத்தை வாங்கவில்லை? ஒரு கறி செய்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய பத்திரம்

மாணவி சொன்னது சரி. நான் அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் சுரங்கத்துக்குப் பதில் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும். ஆனால் குவோங் விங்கின் பெயரை அங்கே போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

கோத்தகிரி மகன்

நேற்று அப்பாவிடம் தொலைபேசியில் இவை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கப்பல் கதையில் நிறுத்தச் சொல்லி, மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

பிறகு நானே கேட்டேன், அந்தச் சுரங்கத்தில் மனம் நொந்துவிட்டதா என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னணியில் பால் குக்கர் கூவுகிற சத்தம் கேட்டது. "அந்தப் பையன் நன்றாகத்தான் கத்தினான்" என்றார். "ஆனால் எங்கள் கங்காணி கத்தவே மாட்டார். நோட்டைப் புரட்டி, நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'உனக்கு இன்றைக்கு அரைப்பேர்' என்று மெதுவாகச் சொல்வார். உன் பாட்டி கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நிற்பாள். பையனிடம் அதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஆங்கிலம் வரவில்லை."

அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. கொழுந்து எடை குறைந்தால் அப்படித்தான் பதிவார்களாம். இதுவும் எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

பருப்பு வாசம் அவர்களுக்கு ஒரு கேள்வி, அப்பா கேட்கச் சொன்னது. அந்தப் பருப்புச் செடி எந்த மாதம் பூக்கும்? வரும் கோடையில் விசா கிடைத்தால் வயலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார். உருளை ஓட்டிய பிறகும் கல் தட்டுப்படுமா என்றும் கேட்டார்.