ஜெபிக்க வார்த்தை வரவில்லை, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் அம்மாவும் படுத்த படுக்கையாகிவிட்டார்கள். ஜெபத்தை விடவில்லை, ஆனால் உள்ளே வறண்டு கிடக்கிறது.

நேற்றிரவு குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தின் 136-ம் சங்கீதம் வாசித்தோம். நான் பாதி வசனம் படிக்க, மகள் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று முடிக்க வேண்டும். 26 வசனத்திலும் அதே முடிவுதான். 23-ல், ‘நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரை’ என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மீதி மூன்று வசனத்தையும் அவளே படித்துவிட்டாள்.

இப்போது மனதுக்கு நெருக்கமாக இருப்பது 88-ம் சங்கீதம். தொடக்கத்தில் ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்று கூப்பிட்டதோடு சரி, அப்புறம் கடைசிவரை புலம்பல்தான். அதுவும் வேதத்தில் இருக்கிறதே!

இப்படிப்பட்ட காலத்தைக் கடந்தவர்கள் தினமும் எப்படி ஜெபித்தீர்கள்? எதை வாசித்தீர்கள்? கர்த்தருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை என்னும் வசனத்தை (புலம்பல் புத்தகம் 3:22, 23) ஏற்கெனவே பலர் அனுப்பிவிட்டார்கள். வேறு சொல்லுங்கள். ‘விசுவாசம் போதவில்லை’ என்று மட்டும் வேண்டாம். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்; பேசத் தொடங்கிய பிறகுதான் அவனையே குற்றம் சாட்டினார்கள். தனிச்செய்தியில் எழுதினாலும் சரி.